மாரடைப்புக்குப் பிறகு பனிக்காலத்தில் சைக்கிள்: சேலத்தில் ஓட்டுபவர்களுக்கும் ஏற்காடு ஏற நினைப்பவர்களுக்கும் முழு வழிகாட்டி

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்தோ பைபாஸ் செய்தோ வீடு திரும்பி, முதலில் வீட்டுக்குள், அப்புறம் தெருமுனை வரை நடந்து பழகி, இனி சைக்கிளை வெளியே எடுக்கலாம் என்று மனசு துணிகிற நேரம் பார்த்து ஐப்பசி மழை முடிந்து பனி இறங்கத் தொடங்கியிருக்கும். வீட்டில் உடனே தடை விழும். "பனி விழுகுது, இப்ப எதுக்குங்க சைக்கிளு? தை முடியட்டும்." அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் கார்த்திகை, மார்கழி, தை என்று மூன்று மாதம் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் எடை ஏறும், சர்க்கரை ஏறும், அரும்பாடுபட்டு மீட்ட கால் பலமும் போய்விடும், மனச்சோர்வு வேறு வந்து சேரும். நானும் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஓட்டுபவன்தான், அதனால் இரண்டு பக்கமும் தெரிந்து எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துப் படியுங்கள். என் பார்வையில், குளிரில் நாம் அதிகம் பயப்பட வேண்டியது சவாரியின் நடுப்பகுதிக்கு இல்லை. உடம்பு சூடாவதற்கு முந்தைய முதல் கால் மணி நேரமும், வியர்த்த உடம்பு காற்றுப்பட்டுச் சில்லிடும் கடைசிப் பகுதியும்தான் கவனம் கேட்பவை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் சமாளிப்பதற்காகத்தான்.

சேலத்தில் என்ன குளிர்?

இப்படிக் கேட்பவர்கள் நிறைய. சேலத்தில் மார்கழி விடியற்காலை பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரி வரை இருக்கும், இமயமலைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் குளிர் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் சித்திரையில் 38, 40 டிகிரி வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு 18 டிகிரியே குளிர்தான், அதிலும் சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று சேர்ந்துகொள்ளும். ஏற்காடு சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலமோ 280 மீட்டருக்குப் பக்கத்தில். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, மேலே போனால் கீழே இருப்பதைவிட 8 டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

குளிர் பட்டதும் தோலுக்கு அடியில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, உடம்புச் சூடு வெளியே போகாமல் காப்பதற்காக. குழாய் சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும், அதே அளவு ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். அதே சமயம் குளிர்ந்த காற்று முகத்திலும் மூச்சிலும் படும்போது, ஏற்கெனவே கொழுப்புப் படிந்திருக்கும் இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களும் சுருங்கக்கூடும். வேலை கூடுகிறது, வேலைக்கு வேண்டிய ரத்தம் குறைகிறது. நடுக்கம் எடுத்தால் தசைகள் இன்னும் ஆக்சிஜன் கேட்கும். கோடையில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஏறிய அதே மேட்டில் மார்கழியில் நெஞ்சு இறுக்குவதற்குக் காரணம் இதுதான். உங்கள் பலம் திடீரென்று குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் அந்த இறுக்கத்தை அலட்சியம் செய்யலாம் என்றும் அர்த்தமில்லை.

முதல் வேலை: டாக்டரிடம் நேராகக் கேட்பது

"உடற்பயிற்சி பண்ணலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "நடங்க, போதும்" என்று பொதுவான பதில்தான் வரும். சைக்கிள் என்று சொல்லுங்கள். எத்தனை கிலோமீட்டர், சமதரையா மேடா, காலை எத்தனை மணி, பனிக்காலம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏற்காடு மலை ஏறும் எண்ணம் இருந்தால் அதை மறைக்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டிய தகவல் மூன்று. எக்கோ என்னும் இதய ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் எத்தனை சதவீதம் என்பது ஒன்று. ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பார்க்கும் டிரெட்மில் டெஸ்ட் செய்தார்களா, எத்தனை நிமிடம் தாங்கியது, எந்த நாடித்துடிப்பில் ஈ.சி.ஜி. மாறியது அல்லது வலி வந்தது என்பது இரண்டாவது. அப்படி ஒரு எண் இருந்தால், ஓட்டும்போது நாடித்துடிப்பு அதற்குக் குறைந்தது 10 கீழேயே நிற்க வேண்டும், குளிர்நாளில் இன்னும் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாவது, ஸ்டென்ட் வைத்த குழாய் தவிர வேறு குழாய்களில் அடைப்பு மிச்சம் இருக்கிறதா என்பது. "மற்றதை மருந்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தால், குளிர் உங்களுக்குக் கூடுதல் விஷயம்.

எவ்வளவு நாள் கழித்து என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிக்கல் இல்லாத மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்தாயிற்று என்றால் சில வாரங்களில் வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளில் லேசாக மிதிக்க விடுவார்கள், சாலைக்கு அதற்கும் பிறகு. பைபாஸ் என்றால் நெஞ்செலும்பு கூட வேண்டும். அதற்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகும், அதற்குள் ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஹேண்டில்பார் உதறினாலே போதும், தைத்த எலும்புக்குக் கேடு. கை மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தவர்கள் குறைந்தது ஒரு வாரம் அந்தக் கையால் பிரேக்கை அழுத்திப் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

முதல் சில மாதங்கள் கடும் பனிக்காலத்தில் விழுந்தால், வீட்டுக்குள் ஓட்டுவதே சரி. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

மாத்திரைகள் குளிரோடு சேரும்போது

மெட்டோபிரோலால், பிசோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏற விடாது. அதனால் அதிகபட்ச நாடித்துடிப்புக்காக 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பு 'மண்டலங்களை' நம்பி ஓட்டினால் தாங்க முடியாத அளவுக்கு மிதிப்பீர்கள். இதே மாத்திரை கை கால் விரல்களைச் சில்லிட வைக்கவும் செய்யும். விரல் மரத்துப் போனால் பிரேக் பிடிக்க முடியாது, இது மலைப்பாதையில் சின்ன விஷயமில்லை.

ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரிலார் சாப்பிடுபவர்கள் விழுந்தால் ரத்தம் எளிதில் நிற்காது. ஹெல்மெட் இல்லாமல் ஏறவே கூடாது, தலையில் அடிபட்டால் "ஒண்ணும் ஆகலை" என்று எழுந்து வந்துவிடாமல் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். டிகாக்ரிலார் சிலருக்குத் திடீர் மூச்சுத்திணறல் போன்ற உணர்வைத் தரும், குளிர்க்காற்றில் அது குழப்பும். புதிதாக அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு இந்த மாத்திரையை இடையில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை டாக்டர் எழுதித் தந்திருந்தால் அது எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் மாட்டிய பையில் இல்லை. காலாவதி தேதியைப் பாருங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், இதை வைக்கக் கூடாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். வெட்கப்பட்டு இதை டாக்டரிடம் மறைப்பவர்கள் உண்டு, தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

பனிக்காலம் என்றாலே சளி. மருந்துக்கடையில் "ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குவதை இன்றோடு விடுங்கள். மூக்கடைப்புக்கான பல கூட்டு மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் போன்ற ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து இருக்கிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றும். மூட்டுவலி, இடுப்புவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபன் வாங்குவதும் அப்படியே, மாரடைப்பு வந்தவர்களுக்கு அவை ஆபத்தைக் கூட்டும். காய்ச்சல், உடம்புவலி இருக்கும் நாட்களில் சைக்கிளே வேண்டாம். மழைக்காலம் வரும் முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், இதய நோயாளிகளுக்கு அது பரிந்துரைக்கப்படும் ஊசிதான்.

என்ன உடுத்துவது

கனமான ஒரே ஸ்வெட்டர் தவறான தேர்வு. கிளம்பும்போது கதகதப்பாக இருக்கும், பத்தாவது நிமிடம் உள்ளே வியர்த்து ஊறும், நின்றதும் ஐஸாகிவிடும். மெல்லிய உடுப்பு இரண்டு மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக. உடம்பை ஒட்டி இருப்பது பருத்தி பனியனாக இருக்க வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் உலரும் பாலியெஸ்டர் விளையாட்டு டி-ஷர்ட் போதும். அதற்கு மேல் முழுக்கை சட்டை, மேலே கழற்றிச் சுருட்டி வைக்கக்கூடிய விண்ட்சீட்டர். சமதரையில் சேலத்துக்குள் ஓட்ட இதற்கு மேல் வேண்டியதில்லை.

மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடுவது இந்தப் பட்டியலில் முக்கியமானது. விடும் மூச்சின் சூட்டில் உள்ளே போகும் காற்று கொஞ்சமாவது இதமாகும். ஆனால் மூச்சு முட்டும்படி இறுக்கிக் கட்டக் கூடாது. மங்கி குல்லா போடுவது நம் ஊர் வழக்கம், வீட்டு வாசலில் பேப்பர் படிக்க நல்லது. ஹெல்மெட்டுக்குள் அது சரியாக உட்காராது, பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனும் மந்தமாகக் கேட்கும். ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய தலைத்துணி ஒன்று, காது மடலை மட்டும் மூடும்படி, அது போதும். கையுறை கட்டாயம், விரல் முழுவதும் மூடியது.

எத்தனை மணிக்குக் கிளம்புவது

நம் ஊரில் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஊர் இது, அந்தப் பழக்கம் அப்படி வந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்குப் பனிக்காலத்தில் அந்த நேரம் வேண்டவே வேண்டாம். விழித்தெழும் நேரத்தில் உடம்பு இயல்பாகவே ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, ரத்தம் உறையும் தன்மையும் அப்போது கூடுதல், மாரடைப்புகள் காலை நேரத்தில் அதிகம் வருவது பல காலமாகத் தெரிந்த விஷயம். அதோடு குளிரின் உச்சமும், வெறும் வயிறும், இன்னும் சாப்பிடாத காலை மாத்திரையும் சேர்ந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. நாளின் மிகக் குளிரான நேரம் பெரும்பாலும் சூரியன் உதிக்கிற வேளைதான், அதையும் கணக்கில் வையுங்கள்.

எட்டு மணி, எட்டரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முடியாது, எனக்குத் தெரியும், அப்படியானால் வார நாட்களில் மாலை 4.30-க்கு மேல் வெளிச்சம் இருக்கும்போதே, காலைச் சவாரி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். இட்லி இரண்டு சாப்பிட்டு, மாத்திரை போட்டு, ஒரு மணி ஒன்றரை மணி நேரம் விட்டுக் கிளம்பலாம். பொங்கலும் வடையுமாக வயிறு நிறையச் சாப்பிட்டால் அன்றைக்குச் சைக்கிள் இல்லை, ஜீரணத்துக்கே இதயம் வேலை செய்துகொண்டிருக்கும். மாத்திரை போட்டதும் தலைசுற்றல் வரும் உடம்பு என்றால் எந்த நேர இடைவெளி சரி என்று டாக்டரிடம் கேளுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் சிறுநீர் அடிக்கடி போகும். தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகும், அதனால் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு பிளாஸ்கில் வைத்துக்கொண்டு இடையிடையே குடியுங்கள். இதயம் பலவீனம், கால் வீக்கம் என்று ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள்ளேயே.

கிளம்பும் முன்னும் முதல் கால் மணி நேரமும்

வாசலில் சைக்கிளை வைத்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். ஐந்து பத்து நிமிடம் உள்ளேயே நடந்து, கை கால் தோள் எல்லாம் ஆட்டி, உடம்பு லேசாகச் சூடானதும்தான் வெளியே வர வேண்டும். வீட்டின் கதகதப்பிலிருந்து பனிக்குள் நுழைந்த அடுத்த நொடியே அழுத்தி மிதிப்பதுதான் இதயத்துக்கு மிக மோசமான அதிர்ச்சி.

அப்புறம் முதல் 15 நிமிடம், இருப்பதிலேயே லேசான கியரில், கால் சும்மா சுற்றுகிற மாதிரி. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டே பாட முடிந்தால் இன்னும் நல்லது. மெதுவாகச் சூடேற்றிய உடம்பு அதற்குப் பிறகு வரும் மேட்டைத் தாங்கும், சூடேறாத உடம்பு அதே மேட்டில் திணறும்.

சேலத்தில் இதற்குத் தோதான இடம் எது என்று கேட்டால், உங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும் போக்குவரத்துக் குறைந்த தெருக்கள்தான், நாலைந்து சுற்று. வீட்டுப் பக்கத்தில் இருந்தால் திரும்புவது எளிது. கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் அழகுதான், ஆனால் ஏரிக்கரையில் பனி கூடுதலாக நிற்கும், வெயில் ஏறிய பிறகு போகலாம். பைபாஸ் சாலைகள் வேண்டாம், லாரிக்காற்றோடும் புகையோடும் பதற்றத்தோடும் ஓட்டினால் நாடித்துடிப்பு மிதிக்காமலே ஏறும்.

மிதிக்கும் அளவு

எளிய சோதனை ஒன்றுதான், பேச்சு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான அளவு. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அதிகம், கியரை இறக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள். குளிர் அதிகமான நாளில் வழக்கமான தூரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள், எதிர்க்காற்று இருந்தால் இன்னும் குறையுங்கள். போகும்போது எதிர்க்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் வரும்படி வழி அமைத்தால், வியர்த்த பிறகு காற்று முகத்தில் அறையாது.

சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்கி முக்குவது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். கியர் இல்லாத பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேடு வந்ததும் இறங்கித் தள்ளுவது ஓய்வு என்று நினைக்காதீர்கள், கனமான சைக்கிளை மேட்டில் தள்ளுவதும் நல்ல உழைப்புதான். நின்று, மூச்சு அடங்கிய பிறகு, மெதுவாகத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் மேடில்லாத வழியாகப் போங்கள்.

எந்த நேரத்தில் நிறுத்த வேண்டும்

நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், கல் வைத்த மாதிரி பாரம். தாடை, கழுத்து, தோள், இடது கை, முதுகு, மேல்வயிற்றில் வலி. மிதிக்கும் அளவுக்குச் சம்பந்தமில்லாத மூச்சுவாங்கல். குளிரிலும் கொட்டும் வியர்வை. தலைசுற்றல், குமட்டல், நாடி தாறுமாறாகத் துடிப்பது. இதில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டும் வரலாம், அதையும் வலியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் பலரை மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுசெல்வது "வாயுப் பிடிப்பு" என்ற நினைப்புதான். ஓம வாட்டர், சோடா, ஜெலுசில் என்று முக்கால் மணி நேரம் போய்விடும். ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு மிதிக்கும்போது வரும் நெஞ்சு இறுக்கம் இதயம்தான் என்றே தொடங்குங்கள். வாயு என்று பிறகு தெரிந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது இது. சைக்கிளை விட்டு இறங்கி, சுவரிலோ மைல்கல்லிலோ சாய்ந்து உட்காருங்கள். நின்றபடி சார்பிட்ரேட் வைத்தால் மயங்கி விழலாம். டாக்டர் சொல்லியிருந்தபடி ஒரு மாத்திரை நாக்குக்கு அடியில். 5 நிமிடத்தில் வலி போகவில்லை, அல்லது கூடுகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். வலி போய்விட்டாலும் அன்றைய சவாரி முடிந்தது, யாரையாவது வரவழைத்து வண்டியில் வீடு திரும்பி, அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். முன்பைவிடக் குறைந்த உழைப்பில் வலி வருவது, அடிக்கடி வருவது, உட்கார்ந்திருக்கும்போதே வருவது எல்லாம் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டிய அறிகுறிகள்.

பைக்குள் ஒரு சீட்டு இருக்கட்டும்: பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், ஸ்டென்ட் வைத்த தேதி, வீட்டு எண். கூட ஓட்டுபவருக்கு உங்கள் மாத்திரை எந்தப் பையில் என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியைக் கற்றிருந்தால் மிக நல்லது. பேச்சு மூச்சில்லாமல் விழுந்தவருக்கு மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல். நண்பர்கள் கூட்டமாக ஓட்டுபவர்கள் எல்லோருமே இதைக் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் ஆசை.

ஏற்காடு எப்போது

சமதரையில் 45 நிமிடமாவது தொந்தரவில்லாமல் ஓட்ட முடிந்து, கோரிமேட்டு ஏற்றம் போன்ற சின்ன மேடுகளில் பேசிக்கொண்டே ஏற முடிந்து, டிரெட்மில் டெஸ்ட் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்ற பிறகுதான். முதல் பனிக்காலத்தில் மலை வேண்டாம் என்பது என் கருத்து. மாசி, பங்குனியில் தொடங்கிப் பழகி, அடுத்த மார்கழிக்குக் குளிரில் ஏறலாம். ஏற்காடு எங்கேயும் போய்விடாது.

இந்த மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏற வெப்பம் குறைகிறது, மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது, சேலத்தோடு ஒப்பிட்டால் மேலே ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. நல்ல உடம்புக்கு இது பெரிதில்லை, ஆறிவரும் இதயத்துக்கு உண்டு. காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு அடிவாரத்தில் இறங்கி, நேராக முதல் வளைவில் ஏறத் தொடங்குவது நம்மைப் போன்றவர்களுக்கு ஒத்துவராது, சூடேறாத உடம்புக்கு உடனே ஏற்றம் அது. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வரை மெதுவாக ஓட்டி வந்தால் அதுவே சூடேற்றும் வேலையைச் செய்துவிடும். காரில்தான் வர வேண்டும் என்றால் அடிவாரச் சமதரையிலேயே 15 நிமிடம் சுற்றுங்கள்.

முதல் தடவை உச்சி வரை போவது நோக்கமாக இருக்க வேண்டாம். மூன்றாவது வளைவு வரை போய்த் திரும்புங்கள், அப்புறம் ஆறாவது. ஒவ்வொரு இரண்டு மூன்று வளைவுக்கும் நிற்கலாம், ஆனால் நிற்கும்போது விண்ட்சீட்டரை மாட்டிக்கொண்டு நில்லுங்கள், நாலைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். பனிமூட்டம் இறங்கியிருந்தால் அன்று மலை இல்லை. பஸ்காரருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்குப் பஸ் தெரியாது. பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். ஏற்காட்டுக்குப் போகும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியில் வண்டிகள் குறைவு என்று சிலர் அதை விரும்புவார்கள். வண்டி குறைவு என்றால் உதவிக்கு வரும் ஆளும் குறைவு, தனியாக அந்தப் பக்கம் போக வேண்டாம். செல்போன் சிக்னல் எல்லா வளைவிலும் இருக்கும் என்று நம்பாமல், எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். எத்தனையாவது வளைவில் இருக்கிறீர்கள் என்பதை எண்ணிக்கொண்டே போனால் 108-க்கு இடம் சொல்ல எளிது.

இறக்கம்

ஏறியவர்கள் எல்லோரும் இறக்கத்தை இனாம் என்று நினைக்கிறார்கள். குளிரில் மலையின் கடினமான பகுதி இதுதான். கால் வேலை செய்யாது, உடம்பு சூடு உற்பத்தி செய்யாது, சட்டை வியர்வையில் நனைந்திருக்கும், காற்றோ முழு வேகத்தில் அடிக்கும். 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது 6 டிகிரி போலத் தெரியும். கடுமையாக ஏறிவிட்டுச் சட்டென்று கால் அசைவை நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தங்கி, அழுத்தம் இறங்கி, தலை சுற்றவும் கூடும்.

அதனால் மேலே ஏரிப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் சமதரையில் லேசாக மிதித்து மூச்சை அடக்குங்கள். நனைந்த உள்டி-ஷர்ட்டைக் கழற்றி, பாலித்தீன் பையில் கொண்டுவந்த காய்ந்ததைப் போடுங்கள். டீக்கடையில் சூடாக ஒன்று குடிக்கலாம். பிராந்தி குளிருக்கு இதம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விரட்டும். சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கேயே பழைய செய்தித்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்து, டி-ஷர்ட்டுக்கும் விண்ட்சீட்டருக்கும் நடுவில் நெஞ்சு மேல் வையுங்கள். சைக்கிள் பந்தயக்காரர்கள் மலை இறங்கும்போது காலங்காலமாகச் செய்வது இது, காற்றை அருமையாகத் தடுக்கும்.

மெதுவாக இறங்குங்கள். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், இடையில் காலைச் சுற்றிக்கொண்டே இருங்கள். விரல் மரத்தால் அகலமான இடம் பார்த்து நின்று, கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிவிட்டு மறுபடி கிளம்புங்கள். வழியில் நெஞ்சு வலித்தால் "இறக்கம்தானே, உருண்டே கீழே போய்விடலாம்" என்ற எண்ணம் வரும், கண்டிப்பாகக் கூடாது. வளைவில் மயங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே உட்காருங்கள். பனி அதிகம், உடம்பு களைத்துவிட்டது என்றால் சைக்கிளை ஒரு மினிடோர் வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்குவதும் நல்ல முடிவுதான்.

வீடு வந்ததும்

கடைசி ஒரு கிலோமீட்டர் நடக்கிற வேகத்தில் வாருங்கள். வந்ததும் பொத்தென்று உட்காராமல் ஐந்து நிமிடம் நடங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள். உடனே பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டாம், ரத்தக்குழாய் சட்டென்று சுருங்கும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் வேண்டாம், அது அழுத்தத்தை இறக்கித் தலைசுற்ற வைக்கும். அரை மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள்.

பிறகு ஒரு நோட்டில் நாலு வரி: எத்தனை மணிக்கு, எவ்வளவு குளிர், எந்த இடம் வரை, எப்படி இருந்தது. அன்று மாலையும் மறுநாளும் அளவுக்கு மீறிய களைப்பு இருந்தாலோ, கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மற்றபடி அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள், மாத்திரை அளவைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு அது உதவும்.